மாமன் என்ற சொல்லும் மார்கன் என்ற மனிதரும்

அப்பாவின் அண்ணன் நமக்குப் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவர் பெயரிலும் அப்பா இருக்கிறார். அம்மாவின் அக்காள் பெரியம்மா, தங்கை சின்னம்மா. இருவரிடத்திலும் அம்மா இருக்கிறாள். ஆனால், அம்மாவுடன் பிறந்தவன் அப்பா ஆவதில்லை, அவன் மாமன். அப்பாவுடன் பிறந்தவள் அம்மா ஆவதில்லை, அவள் அத்தை. சித்தப்பன் மகள் நமக்குத் தங்கை. மாமன் மகளோ முறைப்பெண்! இரத்தக் கணக்குப் பார்த்தால் இரண்டு பெண்களும் நமக்கு ஒரே தூரம்தான். ஒருத்தியை உடன்பிறந்தாள் என்கிறோம். மற்றவளை உரிமைக்காரி என்கிறோம். அந்த மணம் உடலுக்கு நல்லதா என்று இன்றைய மருத்துவர் கேட்பது வேறு பேச்சு. நாம் இங்கே பேசுவது முறையைப் பற்றி.

இந்த முறையை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடமும் அல்ல. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், ஏர் பிடிப்பவன் வீட்டுப் பிள்ளையும் நாலைந்து வயதிலேயே, வாசற்படி ஏறுகிற விருந்தாளி இன்ன முறை என்று அறிந்து அழைக்கின்றன. அதனாலேயே அதை இயற்கை என்று நினைத்துக்கொள்கிறோம்; காற்றுப்போல, மழைபோல, தானாக வந்தது என்று.

ஆங்கிலேயரைக் கேளுங்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர் எல்லோரும் அவருக்கு ஒரே அங்கிள்! தங்கையும் முறைப்பெண்ணும் ஒரே கசின்! அதுதான் இயற்கை என்று அவரும் நம்புகிறார். ஹவாய்த் தீவினரைக் கேட்டால், அப்பாவுக்கும், அப்பாவுடன் பிறந்தவருக்கும், அம்மாவுடன் பிறந்தவருக்கும் ஒரே சொல்லைத்தான் காட்டுவர். பிறப்பு ஒன்றே, எண்ணுகிற கணக்குத்தான் வேறு வேறு. அப்படியானால் இயற்கை எழுதிய கணக்கு எது? மனிதன் எழுதிய கணக்கு எது?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ஒரு தத்துவப் பேராசிரியர் அல்ல. ஓர் அமெரிக்க வழக்கறிஞர். இருப்புப் பாதைக் கம்பெனிக்கும் இரும்புச் சுரங்கத்துக்கும் வழக்காடி, அதில் பங்கும் வைத்துப் பொருளீட்டியவர். லூயிஸ் ஹென்றி மார்கன் என்பது அவர் பெயர். அவர் எழுதிய நூலொன்றின் அட்டவணையில் நம்முடைய தகப்பனும் மாமனும் அத்தையும் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆகவே, அவருடைய கதை நமக்கு அந்நியக் கதை அல்ல.

எரிந்த கொல்லைகளின்மேல் எழுந்த ஊர்

1818ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரிக்கரையிலுள்ள அரோரா என்ற ஊரை அடுத்துப் பிறந்தார் மார்கன். தந்தை நிலபுலன் உடையவர். மாநில மேலவையிலும் இருந்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே 1826இல் இறந்துவிட்டார்.

அந்த ஏரியின் பெயரே ஒரு கதை சொல்லும். கயூகா என்பது அந்த மண்ணுக்குரிய மக்களின் பெயர். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்ற ஐந்து இனத்தார், பின்னர் டஸ்கரோரா இனத்தாரும் வந்து சேர ஆறு இனத்தார், கூட்டாட்சி அமைத்து வாழ்ந்த பூமி அது. பிரெஞ்சுக்காரர் அவர்களுக்கு இரோக்வா என்று பெயரிட்டனர். வழி தவறி வந்த வெள்ளையர், இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணிச் செவ்விந்தியர் என்றும் பெயரிட்டனர். அவர்களோ தங்களை நீள்வீட்டு மக்கள் என்று அழைத்துக்கொண்டனர். விடுதலைப் போரின்போது, 1779இல், தளபதி வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற படை, அவர்களுடைய ஊர்களைக் கொளுத்திற்று. விளைந்து நின்ற மக்காச்சோளக் கொல்லைகளையும் கொளுத்திற்று. அந்தக் கரிக்கொல்லைகளின்மேல் எழுந்த ஊர்களில் ஒன்றுதான் அரோரா.

மார்கன் 1840இல் யூனியன் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1842இல் வழக்கறிஞரானார், ராச்செஸ்டர் நகரில் குடியேறினார். இளைஞர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தனர். கிரேக்கக் கதையிலிருந்து எடுத்த பெயரை நீக்கிவிட்டு, இரோக்வாக்களின் பெயரைச் சூட்டிக்கொண்டனர். இரவில் தீ மூட்டி, பழங்குடிகளைப்போல உடையணிந்து, கூட்டம் நடத்தினர். நிலத்தைப் பறித்தவர்களின் பிள்ளைகள், பறிகொடுத்தவர்களின் வேடம் போட்டு விளையாடினர்!

விளையாட்டாகவே முடிந்திருந்தால் இன்று நாம் மார்கனைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. 1844இல் ஆல்பனி நகரத்துப் புத்தகக் கடையொன்றில் அவர் ஓர் இளைஞனைச் சந்தித்தார். செனகா இனத்தவன், பதினாறு வயதிருக்கும், ஈலி பார்க்கர் என்பது பெயர். தன் இனத் தலைவர்கள் ஆட்சியாளரிடம் முறையிட வந்தபோது, மொழிபெயர்ப்பாளனாக உடன் வந்தவன். வேடம் போட்டவர் உண்மையான மனிதனைக் கண்டார். அன்று தொடங்கியது நட்பு. அன்று முடிந்தது விளையாட்டு.

நிலத்துக்காக ஒரு மனு

தலைவர்கள் எதற்காக வந்தனர்? நிலத்துக்காக. ஆக்டன் நிலக் கம்பெனி என்ற பெயரில் ஒரு கூட்டம், செனகா நிலங்களின்மேல் கண் வைத்திருந்தது. 1838இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. லஞ்சமும் மிரட்டலும் சேர்ந்து பெற்ற கையெழுத்துகள் அதிலே இருந்தன. 1842இல் மற்றோர் ஒப்பந்தம். டோனவாண்டா பகுதி மக்களின் நிலம், அவர்களுடைய தலைவர்கள் கையெழுத்திடாமலே விற்கப்பட்டுவிட்டது.

மார்கனும் தோழர்களும் அந்த மக்களுக்காக ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினர். 1846இல் மனுவோடு வாஷிங்டன் சென்றார் மார்கன். மனு வெல்லவில்லை. ஆனால் மக்கள் நிலத்தைவிட்டு அசையவில்லை. வழக்கு மன்றத்திலும் தளரவில்லை. முடிவாக 1857இல் ஒரு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி அவர்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை மீண்டும் அடைந்தனர். எப்படி? விலை கொடுத்து! தங்கள் மண்ணைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டனர். இதற்குப் பெயர் நீதி என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது.

மார்கனின் உழைப்புக்குச் செனகா மக்கள் தந்த பரிசு, பொன்னோ பொருளோ அல்ல. அவரைத் தங்கள் பருந்துக் குலத்தில் மகனாகச் சேர்த்துக்கொண்டனர். இரு கரைக்கும் பாலமாகக் கிடப்பவன் என்று பொருள்படும் பெயரும் சூட்டினர். உறவு என்பது இரத்தத்தால் மட்டுமா வருகிறது? மக்கள் கூடி, இவன் நம் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டாலும் வருகிறது என்பதை, உறவைப் பற்றி நூல் எழுதப்போகும் மனிதர் தன் வாழ்விலேயே கண்டார்.

தாய்வழி வந்த தலைமை

அந்த மக்களோடு பழகப் பழக, வழக்கறிஞருக்கு வியப்புமேல் வியப்பு. அவர் கற்ற சட்டத்தில் சொத்தும் பெயரும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். செனகாவில் அப்படியல்ல. ஓநாய், கரடி, ஆமை, மான், பருந்து என்று எட்டுக் குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். தந்தையின் குலத்தைச் சேராது. தலைவன் இறந்தால் பட்டம் மகனுக்குப் போகாது. மகன் வேறு குலத்தவன் அல்லவா? தம்பிக்குப் போகும், அல்லது சகோதரியின் மகனுக்குப் போகும். இன்னாரைத் தலைவனாக்கலாம் என்று பெயர் சொல்பவர்கள் குலத்து மூத்த பெண்கள். தலைவன் தவறினால், பதவியைவிட்டு இறக்குபவர்களும் அவர்களே.

நமக்கு இது நம்பமுடியாத செய்தியல்ல. மலையாள நாட்டில் மருமக்கள்தாயம் நெடுங்காலம் நடந்தது. திருவிதாங்கூர் அரியணையும் மருமகனுக்கே சென்றது. 1975இல் கேரளச் சட்டமன்றம் சட்டம் இயற்றிய பிறகே அந்தக் கூட்டுக் குடும்பச் சொத்துமுறை முற்றிலும் நீங்கிற்று. ஆனால் ராச்செஸ்டர் வழக்கறிஞருக்கு அது தலைகீழ் உலகமாகத் தெரிந்தது. 1851இல் இரோக்வாக் கூட்டாட்சி பற்றி முதல் நூலை வெளியிட்டார். ஈலி பார்க்கருக்கே அதைப் படையலாக்கினார். அதே ஆண்டு திருமணமும் நடந்தது. மணமகள் மேரி ஸ்டீல், தாய்வழி உறவுப் பெண். ஆங்கிலத்தில் அவள் கசின். எந்த வகைக் கசின் என்று அந்தச் சொல் சொல்லாது!

வேலூரிலிருந்து வந்த விடை

செனகா மக்களிடம் மற்றொரு புதுமையையும் அவர் கண்டிருந்தார். தந்தையின் சகோதரனையும் அவர்கள் தந்தை என்றே அழைத்தனர். தாயின் சகோதரியைத் தாய் என்றனர். தாயின் சகோதரனுக்கோ தனிச் சொல். பெரியப்பன், சித்தப்பன் பிள்ளைகள் உடன்பிறந்தார். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். இது இந்த ஓர் இனத்தாரின் விந்தை வழக்கம் என்றுதான் மார்கன் முதலில் எண்ணினார்.

1858இல் தொழில் காரியமாக மிச்சிகன் மாநிலத்து மார்க்கெட் நகருக்குச் சென்றார். அங்கே ஓஜிப்வா என்ற இனத்தாரைக் கண்டார். அவர்களுடைய மொழி வேறு. இரோக்வா மொழிக்கும் அதற்கும் ஒட்டில்லை, உறவில்லை. ஆனால் உறவுமுறை? அதே முறை! சொற்கள் வேறு, கணக்கு ஒன்று.

அங்கே பிடித்தது பொறி. இருநூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். தந்தையின் சகோதரனை எப்படி அழைப்பீர்கள், அவன் மகனை எப்படி, மகனின் மகனை எப்படி என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். ஸ்மித்சோனியன் நிறுவனமும் அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறையும் துணைநின்றன. தூதரகங்களுக்கும் பாதிரிமார்களுக்கும் பட்டியல் உலகெங்கும் பறந்தது. இப்படி, உறவுச் சொற்களுக்காக உலகத்தையே கேள்வி கேட்டவர் அவருக்கு முன்னே யாரும் இல்லை.

விடை வந்த இடங்களில் ஒன்று நம்முடைய வட ஆர்க்காடு. அங்கே அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நடத்தியது ஸ்கடர் குடும்பம். வேலூரில் பெரிய மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையாரை நாடறியும். அவருடைய தந்தையின் தமையன்மார்தாம் அன்று அங்கே பாதிரிகளாக இருந்தனர். ஆங்கிலத்தில் அவர்கள் ஐடாவுக்கு அங்கிள்கள். வேலூர்த் தெருவில் கேட்டிருந்தால் பெரியப்பாமார்கள் என்று நம் மக்கள் திருத்தியிருப்பார்கள். தமிழ் கற்ற அந்தக் குடும்பத்தார் வழியாக, தகப்பன், பெரிய தகப்பன், சிறிய தகப்பன், மாமன், அத்தை, மருமகன் என்று நம் உறவுச் சொற்கள் மார்கனின் மேசைக்குச் சென்றன.

மார்கன் பார்த்தார், திகைத்தார். தந்தையின் சகோதரன் தந்தை. தாயின் சகோதரி தாய். தாயின் சகோதரன் மாமன். ஆண் ஒருவனுக்குச் சகோதரன் மகன், மகன். சகோதரி மகன், மருமகன். செனகா முறைக்கும் தமிழ் முறைக்கும் வரிக்கு வரி ஒற்றுமை! தெலுங்கும் கன்னடமும் அதே சாட்சி கூறின. இடையிலோ பெருங்கடல்.

சொந்த வீட்டில் விழுந்த இடி

பட்டியல் அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. 1859முதல் 1862வரை ஆண்டுதோறும் மேற்கே பயணம் செய்தார். கன்சாஸ், நெப்ராஸ்கா, மிசௌரி ஆற்றின் மேற்பகுதி என்று பழங்குடியினரைத் தேடித் தேடிச் சென்றார். 1862இல் அவர் மிசௌரி ஆற்றில் சென்றுகொண்டிருந்தபோது, ராச்செஸ்டரில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் காய்ச்சலில் மாண்டனர். ஊரார் குடும்பங்களின் தந்தை, தாய், மகள் என்ற சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு, மகள் என்று அழைக்கத் தன் வீட்டில் யாரும் இல்லை என்ற செய்தி வழியிலே வந்து சேர்ந்தது. மிஞ்சியிருந்த மகனோ மனவளர்ச்சி குன்றியவன்.

அந்தத் துயரத்தோடுதான் நூலை முடித்தார். ஸ்மித்சோனியனுக்கு அனுப்பிய கைப்பிரதி திருத்தத்துக்காகத் திரும்பிற்று, மீண்டும் எழுதினார். 1871இல் வெளிவந்தது, மனித குலத்தின் இரத்த உறவு, மண உறவு முறைகளைப் பற்றிய அந்தப் பெருநூல். நூற்றுக்கு மேற்பட்ட இனங்களின் உறவுச் சொற்கள் அட்டவணை அட்டவணையாக அதிலே உள்ளன. மானிடவியலில் உறவுமுறை ஆராய்ச்சி என்ற துறையே அதிலிருந்து கிளைத்தது.

கண்டதும் தவறவிட்டதும்

நாம் ஒருவரைப் போற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு போற்றுபவர்கள் அல்ல. மார்கன் தவறிய இடங்களும் உண்டு.

தமிழ் முறையும் செனகா முறையும் ஒன்றாயிருப்பதால், அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்றார். அவர்களுடைய மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அதற்கு இது சான்றாகாது. இத்தகைய முறைகள் ஆஸ்திரேலியாவிலும் அமேசான் காட்டிலும் இருக்கின்றன. தொடர்பே இல்லாத மக்கள், தனித்தனியே ஒரே கணக்கை எட்டமுடியும். மேலும், வரிக்கு வரி ஒற்றுமை என்று அவர் கண்டதிலும் ஒரு வேற்றுமை ஒளிந்திருந்தது. அப்பாவின் மாமன் மகன் நமக்கு மாமா. செனகா கணக்கில் அவரும் அப்பா வரிசை. நம் மாமா மாமனாராகவும் ஆகக்கூடியவர். செனகாவில் மாமனாருக்கு வேறு சொல். நம்முடைய முறை மாமன் மகள் மணத்தைச் சுற்றிக் கட்டிய முறை, அவர்களுடையது அப்படியல்ல. 1953இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் நம் முறையின் உட்பொருளை விளக்கினார். 1964இல் அமெரிக்க அறிஞர் லவுன்ஸ்பரி இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்டினார். இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்களில், இந்த வகைக்குத் திராவிட உறவுமுறை என்றே பெயர். அமேசான் காட்டில் கண்டாலும் அதே பெயர்தான்!

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பலரைத் தந்தை என்று அழைப்பதால், ஒரு காலத்தில் தந்தை இன்னார் என்றே தெரியாமல் கூட்டுமணம் நடந்திருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார். 1877இல் வெளியிட்ட பண்டைச் சமுதாயம் என்ற நூலில், காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மூன்று படிகள் அமைத்தார். உச்சிப்படியில் இருந்த குடும்பம் எது? ராச்செஸ்டர் வழக்கறிஞரின் குடும்பத்தைப் போன்றது!

பெரியப்பாவைப் பெரியப்பா என்றழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவர் யாரென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். பெற்றவரும் தெரியும்; பெற்றவருக்கு ஒப்பானவர் யாரென்றும் தெரியும். அந்தச் சொல் அறியாமையின் அடையாளமல்ல, பொறுப்பின் அடையாளம். அப்பா இல்லாதபோது அப்பாவாக நிற்கவேண்டியவர் இவர் என்ற ஏற்பாடு. இதைத் தமிழ்நாட்டு ஏழைத் தாய் எவளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். உலகத்தையே கேள்வி கேட்ட மார்கன், அந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்கவில்லை.

ஆனாலும் அந்த நூலின் பயணத்தைப் பாருங்கள்! முதலாளி வர்க்கத்து வழக்கறிஞர் எழுதியதைக் காரல் மார்க்ஸ் தன் கடைசி ஆண்டுகளில் படித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். அவர் மறைந்தபின், 1884இல், அந்தக் குறிப்புகளைக் கொண்டு குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலை எங்கெல்ஸ் எழுதினார். இன்றுள்ள குடும்பமும் சொத்துமுறையும் என்றும் இருந்தவையல்ல. அவற்றுக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே மாற்றமும் உண்டு என்ற கருத்து, இரும்புச் சுரங்கத்தில் பங்கு வைத்திருந்தவரின் ஏட்டிலிருந்து தொழிலாளர் இயக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

கணக்கு எழுதும் கை

உறவை யார் எப்படி எண்ணினால் என்ன, இது அறிஞர்களின் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கத் தோன்றும். இல்லை, தோழர்களே! கணக்கு எழுதும் கை எவருடையதோ, அவருக்கே நிலம், அவருக்கே உரிமை.

இரோக்வா மக்களில் ஒரு பகுதியினர் கனடாவில் வாழ்கின்றனர். தாய்வழியே குலம் எண்ணிய மக்கள் அவர்கள். 1876இல் கனடா அரசு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, பழங்குடிப் பெண் வேற்றினத்தானை மணந்தால், அவள் பழங்குடி அல்ல. அவள் பிள்ளைகளும் அல்ல. பழங்குடி ஆண் வெள்ளைக்காரியை மணந்தாலோ, அவளும் பழங்குடி ஆகிவிடுவாள்! தாயின் குலத்தைச் சேர்ந்த பிள்ளையை, தந்தைவழிக் கணக்கு எழுதி ஊரைவிட்டு விரட்டினர். பெண்கள் போராடி, 1985இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக, ஒரு கணக்கு எத்தனை தாய்மார்களை வீடற்றவர்களாக்கிற்று என்று எண்ணிப் பார்ப்போம்.

ஈலி பார்க்கர் என்னவானார்? சட்டம் படித்தார், குடிமகன் அல்ல என்று சொல்லி வழக்கறிஞராக விடவில்லை. பொறியாளரானார், உள்நாட்டுப் போரில் தளபதி கிராண்ட்டின் செயலாளரானார். 1865இல் தென் மாநிலப் படை சரணடைந்தபோது, சரணாகதி நிபந்தனைகளை எழுதிய கை அந்தச் செனகா மனிதருடைய கை! 1869இல் பழங்குடிகள் நலத்துறை ஆணையரானார். அந்த இனத்தாரில் அப்பதவி ஏறிய முதல்வர் அவரே. பழங்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை வந்ததோ 1924இல்.

1876இல் சூ இனத்தார் தளபதி கஸ்டரின் படையை முறியடித்தபோது, பழிவாங்கு என்று நாடே கூவிற்று. அந்தக் கூச்சலுக்கு நடுவே, தம்மைத் தாக்க வந்தவரை எதிர்த்தது குற்றமா என்று பத்திரிகையில் எழுதிய சிலருள் மார்கன் ஒருவர். 1881 டிசம்பர் 17ஆம் நாள் ராச்செஸ்டரில் அவர் மறைந்தார். மனைவிக்கும் மகனுக்கும் பிறகு, தன் சொத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கல்விக்கே என்று எழுதி வைத்திருந்தார். அப்போது அங்கே பெண்களுக்கு இடமே இல்லை. 1900இல்தான் கதவு திறந்தது. இரண்டு மகள்களை இழந்த தந்தை, ஊரார் பெண்களையெல்லாம் மகள்களாக எண்ணினார் என்றே கொள்வோம். அது செனகா மக்கள் கற்றுக்கொடுத்த கணக்கு.

மார்கன் கட்டிய படிகள் சரிந்துவிட்டன. அவர் திரட்டிய அட்டவணைகள் நிற்கின்றன. அவை உரக்கச் சொல்லும் உண்மை ஒன்றுதான். பிறப்பு இயற்கை, முறை மனிதன் வகுத்தது. தாய்வழி எண்ணியவரும் மனிதரே. தந்தைவழி எண்ணியவரும் மனிதரே. எவருடைய கணக்கையும் வானம் எழுதி அனுப்பவில்லை. பிறப்பைக் காட்டி ஒருவனை மேலென்றும் ஒருவனைக் கீழென்றும் எழுதிய கணக்கும் அப்படித்தான். மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம். அழித்து நேர்மையாகத் திருத்தி எழுதலாம். எழுதும் கைகளாக நம் கைகள் இருக்கட்டும்!